எல்லாப் பாகமும் அசல், கடிகாரம் மட்டும் அசல் இல்லை

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்தை ஏலம் விட்டது. 1957இல் வெளிவந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் வரிசை, மாடல் எண் 2915-1. கறுப்பு டயல் காலப்போக்கில் பழுப்பேறியிருந்தது; சேகரிப்பாளர்கள் உயிரை விடும் நிறம் அது. 80,000 முதல் 1,20,000 ஸ்விஸ் ஃபிராங்க் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல். வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்.

2023 ஜூனில் அதே ஒமேகா, அந்தக் கடிகாரம் பல இடத்துப் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு உண்டு என்றும் அறிவித்தது. பாகங்களில் பெரும்பாலானவை ஒமேகா தயாரித்தவைதான். செய்தியைப் படித்த பலரும் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ஒமேகா பாகங்களால் ஆன ஒமேகா கடிகாரம் எப்படிப் போலியாகும்?

ஒரு சொல், இரண்டு பொருள்

பேச்சுத் தமிழில் ‘ஒரிஜினல்’ என்றால் ‘டூப்ளிகேட் இல்லை’ என்று பொருள். கம்பெனி போட்ட பொருளா, கம்பெனி பெயரைப் போட்ட பொருளா, அவ்வளவுதான் கேள்வி. பழைய கடிகாரம் சேகரிப்பவர் அதே சொல்லைச் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது வேறு. இந்த டயல், இந்த முட்கள், இந்தப் பின்மூடி எல்லாம் ஒரே கடிகாரமாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவையா? சுருக்கமாகக் கேட்டால், இவை கூடப்பிறந்தவையா?

இந்தக் கணக்கில் ஒரு பாகம் ஐந்து வகைகளில் ஒன்றாக இருக்கும்.

1. கூடப்பிறந்த பாகம். முதல் நாளிலிருந்து இதே கடிகாரத்தில் இருப்பது.

2. காலத்துக்குப் பொருந்தும் பாகம். அதே மாடல், அதே காலம். ஆனால் வேறொரு கடிகாரத்திலிருந்து கழற்றி வந்தது.

3. சர்வீஸ் பாகம். ரிப்பேருக்காகக் கம்பெனியே பிற்காலத்தில் செய்து கொடுத்தது. பார்க்கப் பழையதைப் போலிருக்கும். எழுத்து வடிவமோ ஒளிப்பூச்சோ வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும்.

4. வெளிப்பாகம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அளவுக்குப் பொருந்தும்படி செய்தது. இது ரிப்பேருக்கான சாதாரணக் கண்ணாடியாகவும் இருக்கலாம், கம்பெனி பெயர் அச்சிட்ட போலி டயலாகவும் இருக்கலாம்.

5. திருத்திய பாகம். கூடப்பிறந்ததுதான், ஆனால் மேலே கைவைத்தாயிற்று: மறுபடி அச்சிட்ட டயல், புதிதாகப் பூசிய ஒளிப்பூச்சு, தேயத் தேயப் பாலிஷ் போட்ட கேஸ் என்கிற வெளிக்கூடு.

முதல் மூன்றும் கடை மொழியில் ‘கம்பெனி ஒரிஜினல்’. சேகரிப்பாளர் மொழியில் முதல் வகை மட்டுமே ஒரிஜினல். இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து ஒரு முழுக் கடிகாரமாக நின்றால் அதை ‘ஃபிராங்கன்’ என்பார்கள். கதம்பம் என்று வைத்துக்கொள்ளலாம். கதம்பத்திலும் ஒவ்வொரு பூவும் நிஜப் பூதான்.

முதல் வகையையும் இரண்டாம் வகையையும் கண்ணால் பிரிப்பது பெரும்பாலும் நடவாத காரியம். ஒரு பாகம் கூடப்பிறந்தது என்று நிரூபிக்க வழி மிகக் குறைவு. கூடப்பிறக்கவில்லை என்று காட்ட வழிகள் ஏராளம். அதனால் இந்த ஆய்வு முழுக்க ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் கணக்கு. பொருந்தாததைத் தேடிக்கொண்டே போவது, கடைசி வரை எதுவும் சிக்காவிட்டால் ‘இதுவரை சந்தேகமில்லை’ என்று நிறுத்திக்கொள்வது. ‘நூறு சதவீதம் ஒரிஜினல், கேரண்டி’ என்று எழுதுபவரைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது.

பாகங்கள் ஏன் மாறுகின்றன

பெரும்பாலும் காரணம் மோசடி இல்லை. சாவி கொடுக்கும் கடிகாரம் சில வருஷங்களுக்கு ஒரு முறை எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டிய கருவி. கண்ணாடி, ரப்பர் வளையம், கிரவுன் என்கிற சாவித் திருகு, மெயின்ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பவை. உள்ளே ஈரம் இறங்கிப் புள்ளி விழுந்த டயலைப் புதிதாக அச்சிட்டுத் தருவது ஒரு காலத்தில் மதிப்பான வேலை. உரிமையாளரே காசு கொடுத்துக் கேட்டு வாங்கினார். அன்றைக்கு அது பழைய பொருள், பொக்கிஷமாக யாரும் பார்க்கவில்லை. மாற்றியது குற்றமில்லை, மாற்றியதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

எண்களில் தொடங்குவது

முதல் வேலை கடிகாரத்தில் இருக்கும் எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுவது. மூவ்மென்ட், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், அதன் வகை எண். அதன் வரிசை எண். கேஸின் மாடல் எண். கேஸின் வரிசை எண். எல்லாக் கடிகாரத்திலும் நான்கும் இருக்காது, இருக்கும் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால் தெரியும், பட்டை மாட்டும் கொம்புகளுக்கு நடுவே கேஸின் பக்கவாட்டில்: 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் வரிசை எண். பழைய ஒமேகாவில் வரிசை எண் மூவ்மென்ட்டிலும் மாடல் எண் பின்மூடியின் உட்பக்கத்திலும் இருக்கும்.

எழுதியாயிற்றா? இப்போது ஒவ்வொன்றும் எந்த வருஷத்தைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பீட்மாஸ்டரையே எடுத்துக்கொண்டால், 1968 வாக்கில் அதன் மூவ்மென்ட் 321இலிருந்து 861க்கு மாறியது. ஒரு மணி நேரத்தில் 321 துடிப்பது 18,000 முறை, 861 துடிப்பது 21,600 முறை. 321 ஓடிய காலத்து மாடல் எண்ணான 105.012 உள்ள கேஸுக்குள் 861 ஓடினால், திறக்காமலேயே துடிப்பை அளக்கும் கருவி அதைச் சொல்லிவிடும்.

மூவ்மென்ட்டில் கவனிக்க வேண்டிய வேறு சில:

1. பெயருள்ள பல கம்பெனிகள் மூவ்மென்ட்டை வெளியிலிருந்து வாங்கி மெருகேற்றின. வால்ஜூ 72 என்ற ஒரே அடிப்படை இயந்திரம் பழைய ரோலெக்ஸ் டேடோனாவிலும் இருந்தது, ஹோயர் கரேராவிலும் இருந்தது. அளவு ஒன்றாக இருந்தால் பாகம் இடம் மாறுவது சுலபம். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் உள்ள சின்ன முத்திரை உண்மையான தயாரிப்பாளர் யார் என்று சொல்லும். மேலே சக்கரங்களைத் தாங்கும் பாலம் என்ற தகட்டில் பொறித்த பெயர் விற்ற கம்பெனியைச் சொல்லும்.

2. டயலில் ‘இன்காபிளாக்’ என்று எழுதியிருந்தால் பேலன்ஸின் நடுக்கல்லின் மேல் யாழ் வடிவ ஸ்பிரிங் ஒன்று தெரிய வேண்டும். அதிர்ச்சி தாங்கும் அந்த அமைப்பு இல்லாத இயந்திரம் உள்ளே இருந்தால், டயலும் இயந்திரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை.

3. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஸ்விஸ் மூவ்மென்ட்களில் மூன்றெழுத்து இறக்குமதிக் குறி பொறிப்பது வழக்கம். ஒமேகாவுக்கு ஓ-எக்ஸ்-ஜி, ரோலெக்ஸுக்கு ஆர்-ஓ-டபிள்யூ. ஐரோப்பாவிலேயே ஒரே குடும்பத்தில் இருந்ததாகச் சொல்லி விற்கும் கடிகாரத்தில் இந்தக் குறி இருந்தால் அந்தக் கதையை மறுபடி கேட்க வேண்டும்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாக. புதிதாக இருந்தபோது பட்டைக் கொம்பின் விளிம்புகள் கூராக இருந்திருக்கும், சரிவாக வெட்டிய முகம் தனியாகத் தெரிந்திருக்கும். பாலிஷ் போடப் போட அந்தச் சரிவு கரைந்து, கொம்பு மெலிந்து, பட்டைக் கம்பி மாட்டும் துளைகள் விளிம்பை நெருங்கிவிடும். இரண்டு பக்கக் கொம்புகளும் ஒரே கனமா என்று பார்த்தாலே பாதி தெரியும். தங்கக் கேஸ் என்றால் முத்திரை: ஸ்விட்சர்லாந்தில் 18 காரட்டுக்கு ஹெல்வீஷியா தேவியின் தலை, 14 காரட்டுக்கு அணில், 1995 முதல் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 1960ஆம் வருஷக் கடிகாரத்தில் நாய்த் தலை இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

டயல்: பணம் குவிந்திருக்கும் இடம்

விலையில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. டேடோனாவில் ‘பால் நியூமேன்’ டயல் என்று ஒன்று உண்டு. சிங்கர் என்ற டயல் கம்பெனி செய்தது. உள்வட்டங்களில் உள்ள கோடுகளின் நுனியில் பொடிச் சதுரங்கள் இருக்கும். நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த கடிகாரமே 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அது அவர் கையில் இருந்ததற்கும் சேர்த்துக் கொடுத்த விலை. ஆனால் யாரும் கேள்விப்படாத ஒருவர் கட்டியிருந்ததும் அந்த டயல் இருந்தால் சாதாரண டயல் கடிகாரத்தைவிடப் பல மடங்கு போகும். கேஸ் அதே, மூவ்மென்ட் அதே, வித்தியாசம் சில கிராம் எடையுள்ள ஒரு தகடு. அந்தத் தகட்டை மட்டும் மாற்ற எத்தனை கைகள் அரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி அச்சிட்ட டயலைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு உருப்பெருக்கும் லூப் ஒன்றும் பொறுமையும் வேண்டும். அசல் அச்சு எப்படி விழுந்தது என்று தெரிந்தால் பார்க்க வேண்டிய இடம் தானே பிடிபடும். எஃகுத் தகட்டில் எழுத்தைக் குழிவாகச் செதுக்கி, குழியில் மையை நிரப்பி, மெத்தென்ற உருண்டையால் அதை ஒற்றியெடுத்து டயலின் மேல் பதிப்பார்கள். அதனால் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலிருக்கும். மை சற்றே மேடாக, எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் நிற்கும். மலிவாகச் செய்த மறு அச்சில் விளிம்பு நுரைத்திருக்கும், எழுத்தின் நடுவே மை பள்ளமாகும், கோடுகள் சந்திக்கும் மூலையில் பொட்டாகத் திரளும்.

அப்புறம் இவற்றைப் பார்க்கலாம்:

1. நிமிடக் கோடுகளும் ஒட்டிய மணிக்குறிகளும். மணிக்குறியின் நடுவும் அதற்கான நிமிடக் கோடும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மறு அச்சில் ஒரு பக்கம் சரியாக இருந்து எதிர்ப்பக்கம் மயிரிழை தள்ளிப்போயிருக்கும்.

2. 6 மணிக்குக் கீழே உள்ள ‘ஸ்விஸ்’ அல்லது ‘ஸ்விஸ் மேட்’. மறு அச்சுக்காரர் பலரும் கோட்டைவிடும் இடம் இது. அந்த வருஷத்தில் அந்த மாடலில் என்ன எழுதினார்கள், எந்த வளைவில் எழுதினார்கள் என்று ஒப்பிட வேண்டும்.

3. டயலின் ஓரத்தில் அரத்தால் ராவிய சிறு வெட்டு. திரும்ப அச்சிடும்போது திசை தவறாமலிருக்கப் போட்ட அடையாளமாக இருக்கலாம். ஆனால் தொழிற்சாலையிலேயே வெட்டு வைத்த டயல்களும் உண்டு, இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

4. டயலின் பின்பக்கம். தயாரிப்பாளர் முத்திரை, கையால் கீறிய எண்கள், டயலை மூவ்மென்ட்டில் நிறுத்தும் சிறு கால்கள் முறிந்து மறுபடி பற்றவைத்த தடம். மூவ்மென்ட்டிலிருந்து கழற்றினால்தான் தெரியும் என்பதால் விற்பவர் யாரும் தானாகக் காட்டுவதில்லை.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. சுத்தமான, பளபளப்பான, ஒரு புள்ளிகூட இல்லாத டயல்தான் புதிதாக வருபவரை இழுக்கும். கேஸ் முழுக்கக் கீறலும் கொம்பெல்லாம் தேய்மானமுமாக இருக்க, டயல் மட்டும் நேற்றுச் செய்தது போலிருந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், பெரும்பாலும் இருப்பதில்லை.

இருட்டில் ஒளிரும் சாட்சி

இருட்டில் மின்னும் எதையும் ‘ரேடியம்’ என்று சொல்லிவிடுகிறோம், வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் உட்பட. கடிகாரத்தில் அந்தச் சொல்லை அளந்துதான் பேச வேண்டும். மூன்று பொருள்கள் மூன்று காலத்தைச் சேர்ந்தவை.

1. ரேடியம். 1910கள் முதல் 1960களின் தொடக்கம் வரை.

2. டிரிட்டியம். 1960களின் தொடக்கம் முதல் 1990களின் இறுதி வரை. ஸ்விஸ் டயல்களில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லின் இரு பக்கமும் டிரிட்டியத்தைக் குறிக்கும் ‘டி’ (T) எழுத்து, அல்லது ‘டி’யும் ‘25க்குக் குறைவு’ என்ற குறியும் இருக்கும். 25 என்பது மில்லிகியூரி, கதிரியக்க அளவுக்கான வரம்பு.

3. லூமினோவா வகை. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது, கதிரியக்கம் கிடையாது. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் உமிழும்.

ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டு, டிரிட்டியத்துக்கு 12.3 ஆண்டு. 1965இல் பூசிய டிரிட்டியம் அறுபது ஆண்டில் கிட்டத்தட்ட ஐந்து முறை பாதியாகி, முதலில் இருந்ததில் மூன்று சதவீதம் சொச்சமே மிஞ்சியிருக்கும். அதனால் 1965ஆம் வருஷக் கடிகாரத்தின் முட்கள் இரவு முழுக்கப் பிரகாசித்தால் யாரோ புதுப்பூச்சு பூசியிருக்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் இன்னும் தெளிவாகும்: ரேடியத்தோடோ டிரிட்டியத்தோடோ கலந்த பழைய துத்தநாக சல்ஃபைடு பூச்சு மின்னிவிட்டு, டார்ச்சை அணைத்ததும் சில நொடியில் மங்கிப்போகும், லூமினோவா வகை நீண்ட நேரம் நிற்கும்.

ரேடியத்தின் கதை வேறு. ஒளிரும் தூள் எப்போதோ எரிந்து தீர்ந்திருக்கும், இருட்டில் ஒன்றும் தெரியாது. கதிரியக்கம் மட்டும் அப்படியே இருக்கும், கெய்கர் கருவி கண்ணாடிக்கு மேலிருந்தே படபடக்கும். டிரிட்டியத்தின் கதிர் மிக வலுவற்றது, கண்ணாடியைத் தாண்டாது. ஆக, டயலில் ‘டி’ குறி இருந்தும் கருவி படபடத்தால் முட்களில் ரேடியம் இருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். முட்கள் வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து வந்திருக்கக்கூடும். ரேடியம் டயலை வீட்டில் திறக்க வேண்டாம், சுரண்டவே வேண்டாம். உதிரும் தூள் மூச்சில் போனால் ஆபத்து.

முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே சாயலில் முதுமை அடைந்திருக்கிறதா என்பது எல்லோரும் சொல்லும் சோதனை. நல்ல சோதனைதான், ஆனால் இப்போதெல்லாம் பழுப்பு நிறம் கலந்தே புதுப்பூச்சு பூசுகிறார்கள். நிறத்தைவிடப் பரப்பை நம்பலாம்: பழைய பூச்சு மணல் போலச் சொரசொரப்பாக, நுண்ணிய வெடிப்புகளோடு இருக்கும்.

ஒரு கடிகாரம், கையில் வைத்து

சீகோ 6139-6002 என்ற ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கடிகாரம் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்மூடியில் வரிசை எண் 65 என்று தொடங்குகிறது. சீகோவில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அப்படியானால் 6இல் முடியும் ஏதோ ஒரு வருஷத்தின் மே மாதம். எந்தப் பத்தாண்டு என்று எண் சொல்லாது. 6139 இயந்திரம் 1969இல்தான் வந்தது, 1980களுக்குள் நிறுத்தியாயிற்று, எனவே 1976.

இப்போது டயலைப் பார்க்கிறோம். ‘வாட்டர் 70 மீட்டர் புரூஃப்’ என்று இருக்கிறது. சீகோ 1970 வாக்கிலேயே ‘புரூஃப்’ என்ற சொல்லை விட்டு ‘ரெசிஸ்ட்’டுக்கு மாறிவிட்டது. 1976ஆம் வருஷப் பின்மூடியும் அந்த டயலும் ஒரே நாளில் பிறந்திருக்க முடியாது. ‘டயல் போலி’ என்று அவசரப்பட வேண்டாம். டயல் அசலாக இருந்து பின்மூடி மாறியிருக்கலாம். வரிசை எண் எப்போதும் அது பொறித்த பாகத்தின் வயதை மட்டும்தான் சொல்லும், கடிகாரத்தின் வயதை இல்லை.

டயலின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், அதுவும் 6139 என்றே தொடங்கும். அடுத்த நான்கு இலக்கம் 6002 ஆக இல்லையே என்று பலர் பதறுவார்கள். அது டயலுக்கான தனி எண், கேஸ் எண்ணோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த எண்ணே இல்லாமல் இருப்பதுதான் கவலைக்குரியது.

ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சில கம்பெனிகள் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்று தருகின்றன. லாஞ்ஜினின் பதிவேடுகள் 1867 வரை பின்னே போகின்றன. படேக் ஃபிலிப்பும் தரும், ரோலெக்ஸ் தருவதில்லை. இவற்றில் பொதுவாக இருப்பது வரிசை எண், மூவ்மென்ட் வகை, கேஸின் உலோகம் அல்லது மாடல், தயாரித்த அல்லது அனுப்பிய தேதி. முட்கள் எந்த வடிவம், கண்ணாடியைச் சுற்றிய பெசல் என்கிற வளையம் எது, டயலில் எழுத்து எப்படி இருந்தது என்பதெல்லாம் பெரும்பாலான பதிவுகளில் கிடையாது.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சான்று பிறப்பது எண்ணிலிருந்து. சரியான எண்ணுள்ள ஒரு மூவ்மென்ட் கையில் இருந்தால், அதைச் சுற்றி எதைக் கோத்தாலும் சான்று உண்மையான சான்றாகவே வரும். கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் உள்ள காகிதம் கூடப்பிறந்ததா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. உள்ளே வேலை தெரிந்தவர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஜெனீவா ஏலம் உதாரணமாகிவிட்டது.

பின்மூடியின் உட்பக்கம் பழைய மெக்கானிக்குகள் ஊசியால் கீறிவைத்த தேதிகளும் எண்களும் சில சமயம் இதைவிட நல்ல சாட்சி. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் எழுதியவை அவை. கடைசிச் சர்வீஸ் எந்த வருஷம் என்று தெரிந்தால், எந்தக் காலத்துச் சர்வீஸ் பாகம் உள்ளே வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வாங்குவதற்கு முன், வாங்கியபின்

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: டயலை நேராக எடுத்தது, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தது, மூவ்மென்ட், பின்மூடி உள்ளும் புறமும், கொம்புகளின் பக்கவாட்டு, பட்டையின் கொக்கியில் உள்ள முத்திரை. திறந்த படம் தர மறுத்தால் திறக்காத கடிகாரத்துக்கு உள்ள விலையை மட்டும் பேசுங்கள். கண்ணாடி, கிரவுன் போன்றவை மாறியிருந்தால் விலையில் பெரிதாக அடிபடாது. டயலோ முட்களோ மாறியிருந்தால் அடிபடும். கட்டிக்கொண்டு அலைய ஒரு கடிகாரம் வேண்டும் என்பவருக்கு சர்வீஸ் பாகம் உள்ளதே வசதி. தண்ணீர் தாங்கும், விலையும் குறைவு.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொட வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். புதுப் பாகம் போட்டால் பழையதைத் தாங்களே வைத்துக்கொள்ளும் சர்வீஸ் மையங்கள் உண்டு.